கிளித்தட்டு பழக்கின முன்வரிசை

மோர்னிங்சைட் பள்ளி மைதானத்தின் கம்பிவேலியோரம் நிற்கிறேன். மதுரையிலிருந்து வந்த எனக்கு பந்தைக் கையில் ஏந்தி ஓடும் இந்தக் கனடா ஃபுட்போலின் விதிகள் பிடிபடவில்லை. என்னைக் கூட்டிவந்த சிவம் அண்ணை தன் மகனின் அணியைத் திட்டித் தீர்க்கிறார். எதிரணி பந்தை அணைத்துக்கொண்டு நடுவாலேயே ஓடுகிறது.

"முன்வரிசையிலை நிக்கிறவங்களைப் பாருங்கோ! கோட்டிலை நிண்டு ஆளைத் தொடுற கிளித்தட்டு விளையாட்டு எண்ட நினைப்பு. தொட்டால் போதுமே? விழுத்த வேணாமே?"

"பார்க்கிங் லொட்டிலை அவனுக்குக் கிளித்தட்டு பழக்கினது நீங்கள்தானே?" தோளில் வீடியோ கமெராவோடு அவர் மனைவி ராணி கேட்கிறார்.

அண்ணை மைதானத்தின் பக்கம் திரும்பிக்கொள்கிறார்.

எதிரணிக்கு இது கடைசி முயற்சி. ஓர் எட்டு முன்னேறினால் போதும்; இல்லாவிட்டால் பந்து எங்களுக்கு என்கிறார் ராணி. மகன் கோட்டிலிருந்து அசையாமல் கைகளை விரித்து நிற்கிறான். ஓடிவந்தவனை அப்படியே கட்டிப்பிடித்துச் சாய்க்கிறான்.

"பழக்கினது ஆர்?" அண்ணை வேலியைப் பிடித்துக் குலுக்குகிறார்.

இன்னும் தோற்றுக்கொண்டுதான் இருக்கிறோம். ஆனால் பந்து இப்போது எங்களிடம்.