அக்காவின் இடது கன்னம்

செல்ஃபி எடுப்பதில் எங்கள் தெருவிலேயே நான்தான் கில்லாடி. பெருமைக்குச் சொல்லவில்லை. இப்போது அதை நினைத்தாலே என் மேல் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. போனைக் கண்ணுக்கு ஒரு சாண் மேலே தூக்க வேண்டும். தாடையைக் கொஞ்சம் இறக்க வேண்டும். திரையில் தெரியும் நம் மூஞ்சியையே பார்த்துக்கொண்டிருக்காமல் மேலே இருக்கிற கேமராப் புள்ளியைப் பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால் துப்பட்டா நுனியால் கேமராவை ஒரு தடவை துடைக்க வேண்டும். பாதிப் பேர் விரல் எண்ணெய் அப்பிய கேமராவில் எடுத்துவிட்டு, போன் சரியில்லை என்பார்கள்.

அக்காவுக்கு இதெல்லாம் ஏறவே ஏறாது. செங்கல்பட்டிலிருந்து கல்பாக்கத்துக்கு தினமும் ஸ்டாஃப் பஸ்ஸில் போய்வருகிற டெக்னீஷியன் அவள். அங்கே எந்த மிஷினைக் கொடுத்தாலும் கழற்றி மாட்டுவாளாம். போனைக் கையில் கொடுத்தால் மட்டும் மூக்குத் துவாரம் தெரிகிற மாதிரி கீழேயிருந்து எடுத்துவிட்டு, "நல்லாதான்டி கீது" என்பாள். அவளுடைய இடது கன்னத்தில் பிறவியிலேயே ஒரு மச்சம். நாவல்பழம் நசுங்கின மாதிரி, ஐந்து ரூபாய்க் காசு அகலத்துக்கு. அதைப் பற்றி அவள் கவலைப்பட்டு நான் பார்த்ததில்லை. கவலைப்பட்டதெல்லாம் நாங்கள்தான்.

அக்காவுக்கு முப்பத்தொன்று நடந்துகொண்டிருந்தது. ஜாதகம் போகும், பொருந்தும், போட்டோ போகும், அதோடு சரி, பதில் வராது. இரண்டு முறை அப்படி ஆனது. மூன்றாவதாக கருங்குழியிலிருந்து அத்தை ஒரு வரன் சொன்னாள். பையன் பள்ளிக்கூட வாத்தியார், நல்ல குடும்பம். "ஸ்டுடியோ போட்டோ வேணாமாம். சும்மா வூட்ல எடுத்தாப்ல ஒண்ணு அனுப்பணுமாம்" என்றாள். அம்மா என் பக்கம் திரும்பினாள். அந்த வேலைக்கு நான்தானே கில்லாடி.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அக்காவை மாமல்லபுரம் கடற்கரைக்கு இழுத்துக்கொண்டு போனேன். கடலுக்கு முதுகைக் காட்டி நின்றால் இறங்குகிற வெயில் நேராக முகத்தில் விழும், அதைவிட நல்ல வெளிச்சம் காசு கொடுத்தாலும் கிடைக்காது. இருவரும் கன்னத்தோடு கன்னம் ஒட்டி ஏழெட்டு எடுத்தோம். ஒன்றில் அவள் எதற்கோ வாய்விட்டுச் சிரித்திருந்தாள். அவ்வளவு அழகு! அதில் என்னை வெட்டிவிட்டு அவளை மட்டும் வைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் நான் செய்த காரியத்தைச் சொல்லியே ஆக வேண்டும். போட்டோவைப் பெரிதாக்கி, மச்சத்தின் மேல் விரலை வைத்துத் தேய்த்தேன். போனில் அதற்கென்றே ஒரு வசதி இருந்தது. மூன்று தேய்ப்பில் மச்சம் போய்விட்டது. கன்னம் பளபளவென்று இருந்தது. அதையே அத்தைக்கு அனுப்பினேன். "அனுப்பிட்டியா? காட்டு" என்று அக்கா கேட்டபோது, தேய்க்காத பழைய படத்தைத்தான் காட்டினேன். அவளும் பார்த்துவிட்டுச் சந்தோஷமாகப் போனாள்.

அவளுக்கு நல்லது நடக்கட்டும் என்றுதான் செய்தேன் என்று வெகுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பொய். எனக்கும் வயது ஏறிக்கொண்டிருந்தது. அவளுக்கு முடிந்தால்தான் எனக்குப் பார்ப்பார்கள். அந்த மூன்று தேய்ப்பில் ஒன்றாவது எனக்காகத்தான்.

நேரில் பார்த்தால் என்ன ஆகும் என்று யோசித்திருக்க வேண்டாமா? யோசித்தேன். வந்து, பேசி, பழகிவிட்டால் மச்சம் பெரிதாகத் தெரியாது என்று நினைத்தேன். என்ன மண்டையோ என் மண்டை.

மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். அக்கா காபித் தட்டோடு கூடத்துக்கு வந்ததும் பையனின் அம்மா அவளைப் பார்த்தாள், கைப்பையிலிருந்து போனை எடுத்துப் பார்த்தாள், மறுபடி அவளைப் பார்த்தாள்.

"இன்னாம்மா இது? போட்டோல கன்னத்துல ஒண்ணுமே இல்லியே" என்று போனை அக்காவின் முகத்துக்கு நேராகவே நீட்டினாள்.

அக்கா அந்தப் படத்தை அப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்தாள். பார்த்துவிட்டு என்னை ஒருமுறை பார்த்தாள். ஒரே ஒருமுறை. பிறகு தட்டைக் கீழே வைத்தாள்.

பையன் மட்டும் அவளிடம் இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்றார். வாசலில் ஸ்கூட்டி நிற்கிற இடத்தில் ஐந்து நிமிடம் நின்று பேசினார்கள். காதில் ஒன்றும் விழவில்லை. அப்புறம் அவர்கள் கிளம்பிவிட்டார்கள், பதிலும் வரவில்லை. மச்சத்தால்தான் போனது என்று அம்மா அழுதாள். நானும் அப்படியே நம்பிக்கொண்டேன். அது எனக்குச் சௌகரியமாக இருந்தது. அக்கா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரண்டு வருடம் கழித்து, "எனக்கு வேணாம், அவளுக்குப் பாருங்க" என்று அவளே சொல்லி என் கல்யாணத்தை முடித்து வைத்தாள்.

என் கல்யாண ஆல்பத்தில் அக்கா எல்லாப் படத்திலும் வலது கன்னத்தைக் காட்டிக்கொண்டுதான் நிற்கிறாள். அதற்கு முன்னால் எந்தப் பக்கம் திரும்பி நிற்பது என்று அவள் யோசித்ததே கிடையாது.

போன மாதம் அத்தை வந்திருந்தபோது பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். "அந்தப் பையனுக்கு மச்சம் ஒரு விஷயமே இல்லடி. போட்டோவ மாத்தி அனுப்பினது நீங்களான்னு கேட்டுக்கீறான். இவ ஆமா நான்தான்னுட்டா. முத நாளே ஏமாத்தற பொண்ணு எதுக்குன்னு போயிட்டான்."

அந்த ஞாயிற்றுக்கிழமையே அக்காவை மறுபடி மாமல்லபுரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மணலில் உட்கார்ந்ததும் கேட்டுவிட்டேன். "ஏன்க்கா அப்டி சொன்ன? தங்கச்சி பண்ண வேலைன்னு சொல்லி இருந்தா உனக்கு முடிஞ்சிருக்குமே."

"பின்ன இன்னா, உன்ன காட்டிக் குடுக்கச் சொல்றியா? என் தங்கச்சி ஏமாத்துக்காரின்னு நானே சொன்னா நாளைக்கு உன்ன எவன் வந்து பாப்பான்?" என்றாள். கோபமே இல்லை குரலில். திட்டித் தொலைத்திருந்தாலாவது தேவலாம். நான் அழுதேன். "அட, வுடுடி. நாலு பேர் பாத்துகினு கீறாங்க" என்று என் முதுகைத் தட்டினாள்.

வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. அதே வெளிச்சம். கண்ணைத் துடைத்துக்கொண்டு, வேறு என்ன செய்வதென்று தெரியாமல், போனை எடுத்துத் தூக்கிப் பிடித்தேன். அக்கா வழக்கம்போல வலது கன்னத்தைத் திருப்பினாள்.

"நேராப் பாருக்கா. இந்தக் கன்னமும் தெரியட்டும்" என்றேன்.

அவள் திரும்பவில்லை. திரையைப் பார்த்துச் சிரித்தபடியே சொன்னாள்:

"வேணாம்டி. இப்டியே எடு. உனக்கும் அழிக்கிற வேல மிச்சம்."