ஃபேக்டரி வாசலில் ஒரு உழவர் சந்தை

எங்கள் வீட்டு மாடியில் இப்போது ஒரு நர்ஸ் குடும்பம் குடியிருக்கிறது. அதற்கு முன்னால் ஒரு பேங்க்காரர் இருந்தார். ஆனாலும் தண்ணீர் மோட்டார் போடும்போது, "பொண்ணுங்க ரூமுக்குத் தண்ணி ஏறுதா பாருங்க" என்றுதான் இன்றைக்கும் என் வாயில் வருகிறது. என் கணவரும் திருத்துவதில்லை. அவரும் அப்படித்தான் சொல்கிறார்.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில், மேல்தோல் தைக்கிற பிரிவில் நான் சூப்பர்வைசர். கல்யாணத்துக்கு முன்னால் ஹெல்ப்பராகச் சேர்ந்து, மெஷினில் உட்கார்ந்து, பிறகு ஒரு லைன் முழுவதையும் பார்த்துக்கொள்ளும் இடத்துக்கு வந்தவள். எங்கள் முதலாளிக்கு எத்தியோப்பியாவில் ஒரு ஃபேக்டரி ஆரம்பிக்கும் வேலை வந்தது. அங்கிருந்து சில பெண்களை ஆறு மாதப் பயிற்சிக்கு இங்கே அழைத்து வந்தார்கள். தங்க வைக்க இடம் வேண்டும், யார் வீட்டிலாவது மாடி காலியாக இருக்கிறதா என்று கேட்டார்கள். நாங்கள் அப்போதுதான் மாடி கட்டி முடித்திருந்தோம். சுவரில் பெயின்ட் வாசனைகூடப் போகவில்லை. மூன்று பேர் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள்.

அவர்களுடைய பெயர்கள் எங்கள் வாயில் நுழையவில்லை. ஜோலார்பேட்டை ரயில்வேயில் வேலை பார்க்கும் என் கணவர், முதல் நாளே பெரிய பொண்ணு, நடுப் பொண்ணு, சின்னப் பொண்ணு என்று வைத்துவிட்டார். அவர்களும் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டார்கள். பெரியவள் ஊரில் ஒரு குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு வந்தவள். நடுவுள்ளவள் எப்போதும் ஏதாவது ஞானப்பாட்டை முணுமுணுத்துக்கொண்டே இருப்பாள். சின்னவள்தான் பேச்சுக்காரி. இருபத்திரண்டு வயதிருக்கும். எதைப் பார்த்தாலும் "வாட் இஸ் திஸ்?" என்பாள்.

முதல் வாரம் எனக்கு ஒரே பேஜார். புதன்கிழமை சாப்பிடக் கூப்பிட்டால் முட்டையை ஒதுக்கிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை கேன்டீனில் பிரியாணி. ஆம்பூரில் பிரியாணியை வேண்டாம் என்று சொல்லும் மனிதரை நான் அதுவரை பார்த்ததில்லை. மூன்று பேரும் வெறும் கத்திரிக்காய்த் தொக்கையும் வெள்ளைச் சோற்றையும் சாப்பிட்டார்கள். உடம்பு சரியில்லையோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். சின்னவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நோ ஃபீவர் அக்கா. சர்ச். வெட்னஸ்டே, ஃப்ரைடே, நோ மீட், நோ மில்க்" என்றாள். நாங்களும் கிறிஸ்தவர்கள்தான். ஆனால் வாரம் தவறாமல் இரண்டு நாள் இப்படி விரதம் இருக்கிற சபையை எனக்குத் தெரியாது. எங்கள் போதகரிடம் சொன்னபோது அவரே கொஞ்சம் வெட்கப்பட்ட மாதிரி இருந்தது.

விரதம்கூடப் பரவாயில்லை. அவர்களுக்கு நம் சோறு இறங்கவில்லை என்பதுதான் எனக்குக் கவலையாக இருந்தது. ஊரில் ஒரு சின்னத் தானியத்தை அரைத்து, புளிக்க வைத்து, அகலமாக ஊற்றிச் சுடுவார்களாம். அது இல்லாமல் வயிறு நிறையவில்லை என்று பெரியவள் ஜாடையில் சொன்னாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் தம்பி வந்தான். பேரணாம்பட்டு போகிற வழியில், மலையடிவாரத்தில் அவனுக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. தோல் பதனிடும் ஷாப்பில் சில வருஷம் வேலை பார்த்துவிட்டு, வேண்டாம் என்று விவசாயத்துக்குத் திரும்பியவன். பாலாற்றோரம் இருந்த எங்கள் மாமா வீட்டுக் கிணறெல்லாம் தோல் ஷாப் கழிவால் உப்பாகிவிட்டது. மலைப் பக்கம் தண்ணீர் நன்றாக இருந்ததால் அவன் பிழைத்தான். அன்றைக்கு எங்களுக்காக அரை மூட்டை கேழ்வரகு கொண்டுவந்து கூடத்தில் இறக்கினான். சின்னவள் மாடியிலிருந்து இறங்கி வந்து, மூட்டைக்குள் கையை விட்டு, ஒரு பிடி எடுத்துப் பார்த்து, வீடே அதிரக் கத்தினாள்.

"டகுசா! டகுசா!"

மற்ற இரண்டு பேரும் ஓடி வந்தார்கள். மூன்று பேரும் அந்த மூட்டையைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, அள்ளி அள்ளி விட்டுக்கொண்டிருந்தார்கள். சின்னவளுடைய அம்மா ஊரில் பயிரிடுவது அதைத்தான். அவர்கள் மொழியில் டகுசா.

தம்பி என்னைப் பார்த்தான். "இன்னாக்கா இது? நம்ம ஊர்லயே கேவுர யாரும் கண்டுக்கறதில்ல. இத்தினி தூரத்துலர்ந்து வந்து கட்டிப் புடிச்சிக்குதுங்க."

மாவு அரைத்து, கரைத்து, மூடி வைத்தார்கள். இரண்டு நாளில் மாடிப் படியெல்லாம் புளித்த வாசனை. என் தோசைக்கல் அவர்களுக்குப் போதவில்லை. பரோட்டாக் கல் ஒன்று வாங்கி வந்து, பெரிதாக ஊற்றி, ஒரு பக்கம் மட்டும் வேகவைத்து எடுத்தார்கள். மேலே முழுக்கக் கண் கண்ணாக இருந்தது. நம் ஆப்பத்தைவிடப் புளிப்பு ஜாஸ்தி. என் கணவர் முதல் துண்டை முகம் சுளித்துச் சாப்பிட்டார். நாலாவது துண்டைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அதற்குப் பிறகுதான் சின்னவள் தன் ஊரைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். சரிவான நிலம், கொஞ்சம் டகுசா, கொஞ்சம் உருளைக்கிழங்கு, வெங்காயம். அறுவடை நேரத்தில் வியாபாரி லாரியோடு வருவான். அவன் சொல்வதுதான் விலை. வேண்டாம் என்றால் லாரி அடுத்த ஊருக்குப் போய்விடும். "அம்மா ஒர்க் ஒர்க் ஒர்க். மணி இல்ல" என்றாள். அதனால் வயசுப் பிள்ளைகள் யாரும் நிலத்தில் நிற்பதில்லை, எல்லோரும் டவுனுக்கு ஓடுகிறார்கள், தானும் அப்படித்தான் ஃபேக்டரிக்கு வந்ததாகச் சொன்னாள்.

தம்பி அடுத்த வாரம் வந்தபோது நான் இதை அவனிடம் சொன்னேன். "அப்ப சந்தைக்கு இட்னு வாயேன். பாக்கட்டும்" என்றான்.

அவன் குடியாத்தம் உழவர் சந்தையில் காய் விற்கிறவன். ஒரு ஞாயிறு விடியற்காலை முதல் பஸ்ஸில் அவன் கூடைகளோடு ஏற, நானும் சின்னவளும் ஏறினோம். மற்ற இருவரும் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார்கள். சந்தைக்குள் போனதும் அவள் முதலில் நின்றது காய்களுக்கு முன்னால் இல்லை. விலை எழுதிய பலகைக்கு முன்னால். ஆபீஸ்காரர் ஒருவர் ஒவ்வொரு காயாக அன்றைய விலையை எழுதிக்கொண்டிருந்தார்.

"யாரு எழுதுறாரு? வியாபாரியா?" அரைகுறைத் தமிழில் தம்பியைக் கேட்டாள்.

"இல்ல. மண்டியில இன்னா வெல, வெளியக் கடையில இன்னா வெலன்னு பாத்துட்டு நடுவுல ஒன்னு போடுவாங்க. நமக்கும் நஷ்டமில்ல, வாங்குறவங்களுக்கும் கம்மி."

"யாரும் வந்து விக்கலாமா?"

தம்பி போட்டோ ஒட்டிய தன் அட்டையைக் காட்டினான். "நெலம் இருக்கறவன்தான் விக்கலாம். வாங்கி விக்கிறவனுக்கு இங்க எடமில்ல."

அவள் அந்த அட்டையை வாங்கி நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். தராசு யாருடையது, வாடகை உண்டா, மிச்சமான காயை என்ன செய்வார்கள், பெண்கள் பேரில் அட்டை தருவார்களா என்று அவள் கேட்ட கேள்விகளில் பாதிக்குத் தம்பிக்கே பதில் தெரியவில்லை. பக்கத்துக் கடைக்காரம்மாவைக் கேட்டுக் கேட்டுச் சொன்னான்.

அன்றைக்கு அவன் கடை முன்னால்தான் கூட்டம். கூடையோடு வந்த ஒரு வயதான அம்மா, "இன்னாம்மா, நீ எந்த ஊரு?" என்று கேட்க, இவள் சட்டென்று, "எத்தியோப்பியா. கத்திரிக்கா ஃப்ரெஷ்ஷு. வாங்கிக்கோ ஆயா" என்றாள். 'ஆயா' என்று அவள் எங்கே கற்றாள் என்று எனக்குத் தெரியாது. அந்தம்மா சிரித்த சிரிப்பில் சந்தையே திரும்பிப் பார்த்தது. நாங்கள் ஊர் திரும்பி, குளித்து, ஆராதனைக்குப் போக நேரம் இருக்கும்போதே கூடைகள் காலியாகிவிட்டன.

பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அவளுக்குச் சந்தைதான். அவள் கற்ற தமிழ் முழுக்கச் சந்தைத் தமிழ். ஃபேக்டரியில் என்னிடம் ஊசி கேட்கும்போதுகூட, காய் பேரம் பேசுகிற குரலில்தான் கேட்பாள். அந்த மாதங்களை நினைக்கும்போது எனக்கு வேலை ஞாபகம் வருவதே இல்லை. பஸ்ஸில் அவள் என் தோளில் சாய்ந்து தூங்கியது, மாடியில் மூன்று பேரும் காப்பிக் கொட்டையை வாணலியில் வறுத்து, புகையை எங்கள் பக்கம் கையால் தள்ளிவிட்டது, பெரியவள் தன் குழந்தையிடம் போனில் பேசிவிட்டு வந்து என் பிள்ளைகளுக்குத் தலை பின்னிவிட்டது, இவைதான் வரிசையில்லாமல் வருகின்றன.

பயிற்சி முடியும் சமயம் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். அங்கே புது லைனுக்கு சூப்பர்வைசராக யாரைப் போடலாம் என்று கேட்டார். நான் யோசிக்கவே இல்லை, சின்னவள் என்றேன். அவளைப்போல நேராகத் தைக்கிற கை அந்த பேட்ச்சில் வேறு யாருக்கும் இல்லை. சந்தோஷமாக வீட்டுக்கு வந்து சொன்னேன். அவள் முகம் மலரவில்லை.

"அக்கா, அக்ரிமென்ட் ஒரு வருஷம். அது முடியட்டும். அப்புறம் நான் போய்டுவேன்."

"எங்க போவ?"

"வீட்டுக்கு. சந்தை வைக்கணும்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "இத்தினி மாசம் உக்காந்து கத்துக் குடுத்தது வெங்காயம் விக்கவா? மாசமானா சம்பளம் வர்ற வேலைய வுட்டுட்டு யாராவது போவாங்களா?" என்று கத்தினேன். அவள், "உங்க தம்பி போனாரே" என்றாள். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். இரண்டு நாள் எங்களுக்குள் பேச்சு சரியாக இல்லை. கம்பெனி வேன் வந்து நின்றபோதுதான் அவள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். தம்பி ஒரு பை வேர்க்கடலையோடு வந்து, யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் டிரைவரிடம் கொடுத்தான்.

சொன்ன மாதிரியே செய்தாள். ஒரு வருஷம் அங்கே லைனைப் பார்த்துக்கொண்டாள். பிறகு வேலையை விட்டுவிட்டாள். ஃபேக்டரியில் வேலை செய்த பெண்கள் சம்பள நாளில் வாசலில் நிற்கும் வியாபாரிகளிடம்தான் காய்கறி வாங்கினார்கள். அந்தப் பெண்களின் ஊர்களிலேயே அதே காய் விலை போகாமல் கிடந்தது. இவள் தன் ஊரிலும் பக்கத்து ஊர்களிலும் சும்மா திரிந்துகொண்டிருந்த வயசுப் பிள்ளைகளைச் சேர்த்தாள். உள்ளூர் ஆபீஸில் நடையாய் நடந்து, வாசலுக்கு எதிரே இருந்த காலி இடத்துக்கு அனுமதி வாங்கினாள். ஒருவன் மூன்று சக்கர வண்டி ஓட்டினான். இரண்டு பேர் வீடு வீடாகப் போய், யாரிடம் என்ன விளைந்திருக்கிறது என்று கேட்டு வந்தார்கள். பலகையில் விலை எழுதுவது அவள் வேலை.

முதல் தடவை படுதோல்வி. எல்லோரும் வெங்காயமே கொண்டுவந்தார்கள். வியாபாரிகள் அன்றைக்கு மட்டும் விலையைக் குறைத்தார்கள். மிச்சம் மழையில் அழுகியது. வீடியோ காலில் அவள் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கஷ்டமாக இருந்தது. தம்பியைக் கூப்பிட்டுப் போனைக் கொடுத்தேன்.

"எல்லாரும் ஒரே நாள்ல வெங்காயத்த எறக்குனா வெல வுழாம இன்னா ஆவும்? இந்த வாரம் நீ, அடுத்த வாரம் அவன்னு பிரிச்சிக்கோ. கொஞ்சம் பேர கீரை போடச் சொல்லு, கோஸ் போடச் சொல்லு. நாங்களும் இங்க அட்சிக்கினுதான் கத்துக்கினோம்."

அவள் திரும்பித் தன் ஆட்களுக்கு அதை அவர்கள் மொழியில் சொன்னாள். அவர்கள் பெரிதாக விவாதம் செய்தார்கள். பிறகு எல்லோருமாகச் சேர்ந்து காமிராவுக்குள் தலையை நீட்டி, "இன்னா அண்ணா!" என்றார்கள். தம்பிக்கு வெட்கம் தாங்கவில்லை.

மெதுவாகச் சந்தை பிடித்தது. பிறகு ஒரு நாள் அவள் போன் எடுக்கவில்லை. அடுத்த நாளும் இல்லை. அந்தப் பக்கம் சண்டை, இன்டர்நெட்டை நிறுத்திவிட்டார்கள் என்று ஆபீஸில் சொன்னார்கள். மாதக்கணக்கில் ஒரு சேதியும் இல்லை. ஆலயத்தில் ஜெப விண்ணப்பம் வைக்கச் சொன்னேன். ஊர்ப் பெயர் எழுதித் தரச் சொன்னார்கள். எழுத்துக்கூட்டி எழுதிக் கொடுத்தேன். தம்பி சந்தைக்குப் போகிற வழியில் தினமும் போன் பண்ணி, "எதனா தெரிஞ்சுதா?" என்பான்.

ஒரு மத்தியானம், லைனில் நிற்கும்போது, போன் அடித்து, அவளுடைய படம் வந்தது. நான் மெஷினை நிறுத்தச் சொல்லாமல் அப்படியே வெளியே ஓடினேன். அவள் மெலிந்திருந்தாள், ஆனால் அதே குரல். சாலைகளை மூடிவிட்டதால் வெளியூர் லாரி ஒன்றும் வரவில்லையாம். வியாபாரிகளும் வரவில்லை. ஃபேக்டரியும் பாதி நாள் ஓடவில்லை. "ஆனா சாப்பாடு இருந்துச்சு அக்கா. சுத்தி இருக்கற ஊரு எல்லாம் கொண்டுவந்துச்சு. நடந்து, கழுதை மேல. சந்தை ஒரு வாரமும் நிக்கல." பெரியவளும் நடுவுள்ளவளும் இன்னும் லைனில் இருக்கிறார்கள், அந்த நாட்களில் அவர்கள் வீட்டுக்கும் அங்கிருந்துதான் உருளைக்கிழங்கு போனது என்றாள்.

அன்றைக்கு என்னால் வேலை செய்ய முடியவில்லை. கழிவறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு, சும்மா நின்றுகொண்டிருந்தேன்.

போன மாதம் அவள் நிலத்திலிருந்து பேசினாள். பின்னால் கதிர் முற்றி நின்றது. போனைப் பக்கத்தில் இருந்த ஒரு பெண்மணியிடம் கொடுத்துவிட்டு, எதையோ தூக்கப் போய்விட்டாள். அவளுடைய அம்மா. இத்தனை வருஷத்தில் அவரை நான் பார்த்தது அதுதான் முதல் முறை. தலையில் வெள்ளைத் துணி, வெயிலில் சுருங்கிய கண்கள். அவர் என்னைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். ஒரு வார்த்தைகூட எனக்குப் புரியவில்லை. நானும் தமிழில் பேசினேன். பொண்ணு நல்லா இருக்கா, உடம்பைப் பாத்துக்கச் சொல்லுங்க, இந்த வருஷம் மழை எப்படி என்று என்னென்னவோ. அவர் தலையாட்டித் தலையாட்டிக் கேட்டார், பிறகு அவர் பேசினார், நான் தலையாட்டினேன். சின்னவள் திரும்பி வருவதற்கு ரொம்ப நேரமாயிற்று. அதுவரை நாங்கள் இருவருமே போனை வைக்கவில்லை.