ஸ்டீபனின் டிரம்ஸுக்குள் என் அம்மா

இன்று ஆவடியில் நடனப் போட்டி. ஒரு குழுவுக்கு இசை, கொரட்டூர் ஸ்டீபன்.

நான் என் பெயரில் உரிமத்தோடு வாங்கிய ஃபங்க் இசைத் துணுக்குகள் அடங்கிய சாம்பிள் சிடியிலிருந்து பிளாப்பி டிஸ்கில் ஏற்றிவைக்கும் தாளங்களை, என் வீட்டுக்கு வரும்போதெல்லாம் சுட்டுக்கொண்டு போகிறவன் இவன்தான். கேட்டால், "இன்னா மச்சான், டிரம்ஸ்லாம் நானே வாசிச்சதுடா" என்பான்.

போன மாதம் வேண்டுமென்றே ஒரு பிளாப்பியை அவன் கண்ணில் படும்படி வைத்தேன். தாளத்துக்கு அடியில் அம்மாவின் குரலை மெல்லக் கலந்திருந்தேன். அவன் வீட்டு டப்பா ஸ்பீக்கரில் அது கேட்காது.

அன்றே பிளாப்பி காணாமல் போனது.

இன்று மேடையில் ஆளுயர ஸ்பீக்கர்கள். ஆட்டம் தொடங்கியதும் மைதானம் முழுக்க அம்மா திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள்: "டேய் பாபு, தண்ணி லாரி வந்துடுச்சு, கொடத்த எடுத்துகினு ஓடு!"

ஆடியவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். முன்வரிசையில் ஒரு அக்கா எழுந்து வாசலையே பார்த்தார்.

நடுவர் மைக்கில் கேட்டார்: "யாருப்பா அந்த பாபு?"

நான் கையைத் தூக்கினேன். "நான்தான் சார். கூப்புடுறது எங்கம்மா. டிரம்ஸ் மட்டும் ஸ்டீபன் வாசிச்சது."

வேறு யாருக்காவது பிளாப்பி வேண்டுமா? அம்மா இன்னும் நிறையப் பேசுவாள்.