திரும்பி வந்த நாற்காலிகள்

அலுவலகக் குப்பைத்தொட்டிக்குள் முழங்கை வரை கையை விட்டு, காகிதக் குவளை வேறு, அதன் பிளாஸ்டிக் மூடி வேறு என்று பிரித்துக்கொண்டிருக்கிறார். டை உள்ளே விழுந்துவிடாமல் இருக்க அதைத் தோளுக்குப் பின்னால் எறிந்திருக்கிறார். "குப்பைன்னு உலகத்துல எதுவுமே கிடையாதுங்க. எல்லாம் சரக்கு. இடம் மாறிக் கிடக்கு, அவ்வளவுதான்" என்று தொட்டிக்குள்ளிருந்து குரல் மட்டும் வருகிறது. பிளாஸ்டிக் நாற்காலித் தொழிற்சாலையின் சுற்றுச்சூழல் மேலாளர். தொழிலாளர்களுக்கு அவர் 'சுழற்சி சார்'.

போன வருடம் வரை விற்பனைப் பிரிவில் நிம்மதியாக இருந்த மனிதர். பழைய நாற்காலிகளைத் திரும்ப வாங்கி, அரைத்து, அதில் புதியவை செய்தால்தான் இனி சரக்கெடுப்போம் என்று வெளிநாட்டுக் கடைக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். முதலாளி கூட்ட அறையை ஒரு சுற்று பார்த்தார். மற்றவர்கள் எல்லோரும் செல்பேசியைக் குனிந்து பார்த்துக்கொண்டிருக்க, இவர் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பதவியை அவர் தலையில் கட்டிவிட்டார்கள். முதலாளிக்கு அது சுவரில் ஒட்டுகிற சமாச்சாரம். இவரோ அதை நம்பித் தொலைத்துவிட்டார்.

வீட்டில் குளியலறை அலமாரி முழுக்கக் காலி ஷாம்பு பாட்டில்கள். "ஊர்ல எல்லாரும் குப்பையை வெளிய கொட்டுறாங்க. எங்க வீட்டுக்காரர் உள்ள கொண்டு வர்றார்க்கா" என்று மனைவி தன் அக்காவிடம் அவர் காதில் விழும்படியே சொல்வார். இவர் சிரித்துக்கொண்டே இன்னொரு பாட்டிலைக் கழுவுவார்.

பழையதைக் கொடுத்தால் புதியதை விலை குறைத்துத் தருவதாக வருடம் முழுக்க விளம்பரம் செய்து பார்த்தார். ஒரு நாற்காலிகூட வரவில்லை. ஜனங்கள் நாற்காலியைத் தூக்கிப் போட்டால்தானே? கால் விரிந்தால் கம்பி கட்டுகிறார்கள். முதுகு உடைந்தால் முக்காலி என்கிறார்கள். அதற்கும் லாயக்கில்லை என்றால் மேலே பூந்தொட்டியை வைத்துவிடுகிறார்கள். கம்பெனி கண்டுபிடித்த மகத்தான சுழற்சியை வீட்டுக்குள்ளேயே சத்தமில்லாமல் முடித்துவிடுகிறார்கள்.

கடைக்காரர்களின் ஆய்வாளர் வரப்போகிறார் என்றதும் முதலாளி கூப்பிட்டு அனுப்பினார். "முற்றம் நிறையப் பழைய நாற்காலி நிக்கணும். எப்படின்னு எனக்குத் தெரிய வேண்டாம். ஆர்டர் போச்சுன்னா முதல்ல வீட்டுக்குப் போறது நீங்கதான்." மகள் அப்போதுதான் கல்லூரியில் சேர்ந்திருந்தாள்.

ஆக, கிடங்கிலிருந்து புத்தம்புது நாற்காலிகள் முற்றத்துக்கு இறங்கின. உப்புத்தாளால் தேய்த்து, சேறு பூசி, தேயிலைச் சாயம் தெளித்து அவற்றை முதுமையாக்கினார்கள். முதல் நாள் சுழற்சி சாருக்கு மதியச் சாப்பாடு இறங்கவில்லை, அவமானமாக இருந்தது. மறுநாள் சேற்றில் குற்றம் கண்டுபிடிக்கத் தொடங்கிவிட்டார். "என்னப்பா இது, நேத்து மழையில நனைஞ்ச மாதிரி இருக்கு? பத்து வருஷம் ஆள் உட்கார்ந்தது தெரியணும். கைப்பிடியைத் தேய். கோவம் வந்தா ஜனங்க கைப்பிடியைத்தான் புடிப்பாங்க."

ஆய்வாளர் வந்தார். வெள்ளைக் காலணி போட்ட இளம்பெண். முற்றத்தைப் பார்த்து உருகிப்போனார். "ஒவ்வொரு நாற்காலிக்குப் பின்னாடியும் ஒரு குடும்பம் இருக்கும், இல்லையா சார்?"

"இருக்கும்மா" என்றார் சுழற்சி சார். உப்புத்தாள் பிடித்த தொழிலாளி அவசரமாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்துத்தான் அடுத்த தெருத் தையற்காரர் தலையில் நாற்காலியோடு வந்து நின்றார். "பழசுக்குப் புதுசு தர்றீங்களாமே? கம்பி கட்டிக் கட்டி எனக்கே அலுத்துப்போச்சுங்க."

சுழற்சி சார் ஆய்வாளரை மறந்து ஓடினார். உண்மையான பழைய நாற்காலி! நிறம் செத்து, முதுகில் வெடிப்பு ஓடி, அசல் அழுக்கோடு. பெற்ற பிள்ளையைப் போல இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். கண் கலங்கியேவிட்டது.

ஆய்வாளரும் ஆசையாக அதை வாங்கித் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தார். இருக்கையின் அடியில், அச்சிலேயே வார்த்த எண்கள். "அட, செஞ்ச வருஷத்தை அடியிலேயே போட்டிருக்கீங்களே! பதினாலு வருஷம் ஆகுதே இதுக்கு!"

சுழற்சி சார் முற்றத்தைத் திரும்பிப் பார்த்தார். கைப்பிடியைத் தேய்த்தார்கள், காலைத் தேய்த்தார்கள், முதுகைத் தேய்த்தார்கள். கவிழ்த்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. முற்றத்தில் நின்ற அத்தனை கிழங்களும் இந்த வருடம் பிறந்தவை.

"அப்போ இதுக்கெல்லாம் என்ன வயசு இருக்கும்?" என்று உற்சாகமாகக் கேட்டபடி ஆய்வாளர் முன்வரிசை நாற்காலியை நோக்கிக் கையை நீட்டினார்.

சுழற்சி சார் அதில் உட்கார்ந்தார். ஆய்வாளரின் கை அடுத்த நாற்காலிக்கு நகர்ந்ததும், விருந்தாளிக்கு எதிரில் என்றும் பாராமல், சேறு காயாத அந்த நாற்காலியின் மேல் இரண்டு காலையும் தூக்கிப் போட்டுக்கொண்டார்.