லோகேஸ்வரியின் ஒற்றைக்கைக் கொண்டை

"என் தலையில இன்னொருத்தர் கை படணும்னா அது நான் செத்த பிறகுதான். அப்பகூட யாரு தொடுறாங்கன்னு பாத்துட்டுத்தான் சம்மதிப்பேன்."

கிள்ளான் லிட்டில் இந்தியாவில், தீபாவளிக்கு நாலு நாள் இருக்கையில், நிற்க இடமில்லாத ஒரு சேலைக்கடையின் மாடியில் லோகேஸ்வரி இந்தப் பிரகடனத்தை வெளியிட்டாள். பதினைந்து பெண்களும், பைகளைச் சுமந்துகொண்டு சுவரோரம் நின்ற இரண்டு கணவன்மாரும் சாட்சி. குற்றம் பூச்சோங்கிலிருந்து வந்த ஒரு பெண்ணுடையது. "கொண்டை ரொம்ப அழகா இருக்கே அக்கா, எந்த சலூன்ல போட்டீங்க?" என்று கேட்டுவிட்டாள். சலூனாம்!

லோகேஸ்வரிக்கு வயது ஐம்பத்திரண்டு. அந்தக் கடையில் பத்தொன்பது வருஷமாக விற்பனையாளர். இடுப்பைத் தாண்டும் முடி. அந்த முடியை வைத்துக்கொண்டு அவள் ஒன்பது வகைக் கொண்டை போடுவாள், கண்ணாடி வேண்டாம். வேலை நாளுக்கு, ஒரு ஊசிகூட இல்லாமல் அள்ளி முடிந்த கொண்டை. கல்யாணத்துக்கு, மூன்று பின்னலை ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றிய கொண்டை. தலைக்குக் குளித்த அன்று ஒரு பென்சிலைக் குத்தி நிறுத்திய கொண்டை. விசேஷ நாளில், கணவர் நாகையாவின் பழைய காலுறையின் நுனியை வெட்டி, வடை மாதிரிச் சுருட்டி, அதன்மேல் முடியைப் பரப்பி மூடிய கொண்டை. அந்தக் கடைசி வகைக்குள் என்ன இருக்கிறது என்பது குடும்ப ரகசியம். நாகையாவுக்குக்கூடத் தன் காலுறைகள் ஏன் ஒற்றை ஒற்றையாகக் குறைகின்றன என்பது தெரியாது. சேலை வாங்க வருகிறவள் தயங்கினால், லோகேஸ்வரி அவளைக் கண்ணாடி முன் உட்கார வைத்து ஒரு கொண்டை போட்டுவிடுவாள். பிறகு அந்தப் பெண் சேலை இல்லாமல் படி இறங்கியதாகச் சரித்திரம் இல்லை.

அப்படிப்பட்டவளின் வலது கை, தைப்பூசத்துக்கு மறுநாள் காலை, காதுக்குக் கீழே வந்ததும் நின்றுவிட்டது. அதற்கு மேலே போக பாஸ்போர்ட் வேண்டும் என்பதைப் போல.

முதலில் அவள் பனடோல் மாத்திரை போட்டாள். பிறகு தைலம் தேய்த்தாள். பிறகு பயப்பட ஆரம்பித்தாள். அதை மிகவும் முறையாகச் செய்தாள்.

அதற்குக் காரணம் இருந்தது. அவளுடைய அம்மா நல்லம்மாள் கேரி தீவில் செம்பனைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். ஒருநாள் காலை தேநீர்க் குவளையைத் தூக்கப் போன வலது கை தூக்கவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நாலாம் நாள் லோகேஸ்வரி பார்க்கப் போனபோது, கட்டிலில் காதுவரை முடி வெட்டிய யாரோ ஒருத்தி படுத்திருந்தாள். தாதி ஒரு பிளாஸ்டிக் பையைக் கொடுத்தாள். உள்ளே அம்மாவின் பின்னல், இரண்டு பக்கமும் ரப்பர் பேண்டு போட்டு. மூன்று வாரத்தில் அம்மா போய்விட்டார். பை மட்டும் இன்னும் அலமாரியின் மேல் தட்டில் இருக்கிறது. சாவைப் பற்றி லோகேஸ்வரிக்குப் பெரிய அபிப்பிராயம் எதுவும் இல்லை. அவள் பயந்ததெல்லாம் அந்தப் பைக்கு.

கை தூக்கவில்லை என்று தெரிந்தால் ஆஸ்பத்திரி. ஆஸ்பத்திரி என்றால் கத்திரிக்கோல். ஆகவே யாருக்கும் தெரியக்கூடாது. கணக்கு அவ்வளவுதான்.

கடையில் அவள் மேல் தட்டுச் சேலைகளைப் பற்றிப் பேசுவதையே நிறுத்தினாள். "மேல இருக்கிறதெல்லாம் போன வருஷத்து டிசைன் லா," என்று சொல்லிக் கீழ்த் தட்டிலிருந்தே எடுத்துப் போட்டாள். அந்த இரண்டு மாதம் கிள்ளானிலும் ஜெஞ்சாரோமிலும் நடந்த கல்யாணங்களுக்குப் பெண்கள் எல்லாரும் ஒரே மாதிரி கீழ்த் தட்டுச் சேலையில் வந்ததற்கு வேறு காரணம் கிடையாது.

கொண்டைதான் சிக்கல். இடது கை ஒன்றை வைத்துக்கொண்டு கொண்டை போடும் கலையில் அவள் தனியாக ஆராய்ச்சி நடத்தினாள். பென்சில் இரண்டு கை கேட்டது. காலுறை வடைமேல் பரப்பிய முடி, கோபித்துக்கொண்டு படுத்த பூனை மாதிரி இருந்தது. கடைசியில், கட்டில் விளிம்பில் மல்லாந்து படுத்துத் தலையைத் தொங்கவிட்டு, முடி தானாகக் கீழே சேர்ந்ததும் பெரிய நண்டுக் கிளிப்பால் கவ்வினாள். அது ஆறு வாரம் தாங்கியது. வியாழக்கிழமை சாயங்காலம், வீட்டுக் கேட்டைத் திறக்கும்போது, கிளிப் வாயைப் பிளந்துகொண்டு சாக்கடையில் விழுந்தது.

பக்கத்து வீட்டு உர்சுலா அப்போது பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். உர்சுலா முப்பது வருஷம் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆண் பிள்ளை மாதிரி கத்தரித்த முடி. லோகேஸ்வரி இரண்டு மாதமாக அவர் கண்ணில் படாமல் தப்பித்து வந்தாள்.

"லோகா, முடி அவிழ்ந்து கிடக்கு. அள்ளி முடி."

"பரவால்ல அக்கா. வீட்டுக்குத்தான வந்துட்டேன்."

"முடி, பாப்போம்."

"வயித்து வலி அக்கா," என்று சொல்லிவிட்டு லோகேஸ்வரி உள்ளே ஓடினாள்.

"நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு வரேன். கையத் தூக்கிக் காட்டுற," என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

அன்று ராத்திரி அவள் தூங்கவில்லை. எட்டு மணிக்குள் தலையில் ஒரு கொண்டை இருந்தாக வேண்டும். பழைய மாதிரி, அசையாத கொண்டை. அது இருந்துவிட்டால் யாரும் கையைப் பற்றிக் கேட்க முடியாது.

வெள்ளிக்கிழமை காலை ஏழேகாலுக்கு நாகையா ரொட்டி சானாய் சாப்பிடப் போனார். வழக்கம்போல் கேட்டை வெளியே பூட்டிக்கொண்டு போனார். லோகேஸ்வரி ஹாலில் நின்று யோசித்தாள். முடியைச் சுற்றக் கை இல்லை, சரி. முடியை ஒரு இடத்தில் நிறுத்திவிட்டுத் தலையைச் சுற்றினால்?

ஜன்னல் கிரில்லில் இரும்பை வளைத்துச் செய்த பூ ஒன்று இருந்தது. முடியின் நுனியை ரப்பர் பேண்டால் அந்தப் பூவோடு சேர்த்துப் போட்டாள். நின்ற இடத்திலேயே சுற்ற ஆரம்பித்தாள். நாலாவது சுற்றில் முடி கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டது. தான் ஒரு மேதை என்று ஏழாவது சுற்றில் தோன்றியது. பத்தாவதில் தலை கிறுகிறுத்து, அவள் ஜன்னல் பக்கம் தடுமாறியதும், முறுக்கிய கயிறு தளர்ந்து தன்மேலேயே மடங்கி, இரும்பு இதழ் ஒவ்வொன்றிலும் ஏறி உட்கார்ந்துகொண்டது. விலகப் பார்த்தாள். உச்சந்தலை உயிர் போகிற மாதிரி வலித்தது.

முதுகு ஜன்னலுக்கு, பின்மண்டை கம்பியோடு. இடது கையால் சிக்கைத் தொட முடிந்தது, பிரிக்க முடியவில்லை. கைப்பேசி நாலடி தள்ளி மேசையில் சார்ஜில் கிடந்தது. எதிரே அணைத்து வைத்த டிவியின் கறுப்புத் திரையில், ஜன்னலில் மாட்டிய ஒரு பெண் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வலது கை விரல்கள் மரத்தன. மரத்தனவா, இல்லை அப்படித் தோன்றியதா? அம்மாவுக்கும் முதலில் கைதான். பிறகு நாக்கு குழறியது. நாக்கைச் சோதிக்க வேண்டும். மனப்பாடமாக இருந்தது ஒன்றே ஒன்றுதான். தன் அடையாள அட்டையின் ஐசி நம்பரைச் சத்தமாகச் சொல்ல ஆரம்பித்தாள். பன்னிரண்டு இலக்கம். குழறவில்லை. நம்பிக்கை வரவில்லை, மறுபடி சொன்னாள். மூன்றாம் தடவை பாதியில் தொண்டை அடைத்தது. நாக்குத்தான் போய்விட்டது என்று முடிவு செய்து, இன்னும் சத்தமாகச் சொன்னாள்.

"யாருகிட்ட ஐசி நம்பர் குடுக்குற லோகா? ஸ்கேமர் ஃபோனா? கட் பண்ணு!"

உர்சுலா. இரண்டு வீட்டுப் போர்ச்சுக்கும் நடுவே இருந்த குட்டைச் சுவரை, கஃப்தான் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தாண்டி வந்திருந்தார்.

"ஒண்ணுமில்ல அக்கா. காத்து வாங்குறேன்."

"முதுகாலயா?" கம்பிக்குள் ஒரு விரல் நுழைந்து சிக்கைத் தடவியது. "மாதாவே! என்ன லா பண்ணி வச்சிருக்க? வலது கையத் தூக்கு."

"மாட்டேன்."

"மாட்டியா, முடியலயா?"

டிவிக்குள் இருந்தவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"எத்தன நாளா?"

"தைப்பூசத்துலேர்ந்து."

"சரி, சிரி."

"என்னது?"

"சிரிச்சுக் காட்டு லா. அந்த டிவியப் பாத்து. எனக்கு இங்கேர்ந்து தெரியுது."

லோகேஸ்வரி சிரித்தாள். வாழ்நாளில் அவ்வளவு பயத்தோடு யாரும் சிரித்திருக்க முடியாது. உர்சுலா கம்பியில் மூக்கை வைத்துத் திரையை ஆராய்ந்தார்.

"ரெண்டு பக்கமும் ஒரே அசிங்கமாத்தான் இருக்கு. ஸ்ட்ரோக் மாதிரி தெரியல. ஃப்ரோஸன் ஷோல்டரா இருக்கும், தோள் மூட்டு இறுகிப்போறது. உன் வயசுல நெறைய பேருக்கு வரும். ஆனா இன்னைக்கே டாக்டரப் பாக்கணும், கேட்டியா?"

அந்த வார்த்தைகள் லோகேஸ்வரியின் நெஞ்சுக்குள் இறங்கிக்கொண்டிருக்கும்போதே அடுத்தது வந்தது.

"இந்தச் சிக்கு பிரியாது. இரு, கத்திரி எடுத்துட்டு வரேன்."

"அக்கா! வேணாம் அக்கா!"

"ஒரு சாண்தான் லா. வளந்துடும்."

செருப்புச் சத்தம் போனது. லோகேஸ்வரி கம்பியோடு ஒட்டி நின்றாள். வெட்டிய முடியை உர்சுலா எதில் போட்டுத் தருவார்? பிளாஸ்டிக் பையில்தான். வேறு எதில் போடுவார்கள்? டிவிக்குள் இருந்தவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். செருப்புச் சத்தம் திரும்பி வந்தது. காதுக்குப் பின்னால் இரும்பு 'கிரிச்' என்றது.

"அக்கா, அத வைங்க."

நாகையாவின் குரல். மோட்டார் சைக்கிள் வந்த சத்தம்கூட அவள் காதில் விழவில்லை. நாகையா போர்ட் கிள்ளானிலிருந்து ஜொகூருக்கு முப்பத்தொரு வருஷம் லோரி ஓட்டியவர். சரக்கின்மேல் தார்ப்பாய் இழுத்துக் கட்டுவது, அவிழ்ப்பது, இரண்டும் அவர் கைவேலை. "மழைல ஊறுன கயிறையே நான் அறுத்தது கிடையாது," என்று சொல்லிக்கொண்டு, சமையலறையிலிருந்து தேங்காய் எண்ணெய் போத்தலை எடுத்து வந்தார்.

"இழுத்துப் பாத்தேன், வரல," என்றார் உர்சுலா.

"இழுக்கக்கூடாது அக்கா. தளத்தித் தளத்தி உள்ள தள்ளணும்."

இருபத்தைந்து நிமிஷம் ஆனது. ஒரு முடிகூட அறுந்துபோகவில்லை என்று சொன்னால் பொய்; ஏழெட்டு அறுந்தன. கடைசி இதழ் விட்டதும் லோகேஸ்வரி அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"சட்ட மாட்டும்போது நீ கையத் தூக்குறதில்ல. ஒரு மாசமா பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்," என்றார் நாகையா. "நீயே சொல்லுவன்னு இருந்தேன்."

"கேக்க வேண்டியதுதான?"

"கேட்டா, வயித்து வலின்னு சொல்லுவ."

அன்றே கிளினிக்குக்குப் போனார்கள். உர்சுலாவும் கூட வந்து, டாக்டருக்கு முன்னால் தானே நோயின் பெயரைச் சொன்னார். அதேதான். பயிற்சி செய்தால் சரியாகும், மாதக்கணக்கில் ஆகலாம் என்றார்கள். கத்திரிக்கோல் பேச்சை யாரும் எடுக்கவில்லை. ஆனாலும் லோகேஸ்வரி அந்த அறையின் மேசையை இரண்டு தடவை நோட்டம் விட்டாள்.

தன் பிரகடனத்துக்கு இன்னும் பங்கம் வரவில்லை என்று திரும்பும் வழியில் அவள் மனத்துக்குள் வாதாடினாள். நாகையா தொட்டது முடியின் நுனியை, தலையை அல்ல. நுனி வேறு, தலை வேறு. எந்தக் கோர்ட்டிலும் நிற்கும்.

திங்கட்கிழமை காலை நாகையா நாளிதழோடு ஹாலில் உட்கார்ந்திருந்தார். லோகேஸ்வரி கடைக்குச் சேலை கட்டி முடித்து வந்தாள். குட்டை ஸ்டூலை இழுத்து அவர் காலடியில் போட்டாள். அவருக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள். டிவித் திரையை அவள் பார்க்கவில்லை.

சீப்பைத் தோளுக்கு மேலே, இடது கையால், பின்னால் நீட்டினாள்.

பிறகு நாளிதழ் மடிக்கும் சத்தம் கேட்டது. உச்சந்தலையில் ஒரு கனத்த உள்ளங்கை, லோரியின் ஸ்டியரிங்கைப் பிடித்துக் காய்த்த கை, வந்து உட்கார்ந்தது.

"ரொம்ப இறுக்கிடாதீங்க," என்றாள்.