காருக்குப் பின்னால் ஊற்றிய தண்ணீர்

பென்னலூரில் எங்கள் வீட்டு மாடியை ஒரு துருக்கி ஜோடிக்கு வாடகைக்கு விட்டிருந்தோம். அந்த மனுஷன் வல்லம் வடகாலில் ஒரு கம்பெனிக்கு மெஷின் பூட்டிக் கொடுக்க வந்தவர். கூடவே வந்த அவர் மனைவிக்கு என் வயசு இருக்கும். எனக்கு அவள் பாஷை தெரியாது, அவளுக்கு என் பாஷை தெரியாது. போனில் அவள் பேசினால் அது தமிழில் சொல்லும். அதுவும் தப்பும் தவறுமாகத்தான் சொல்லும். அதை வைத்துக்கொண்டே ஊர்க்கதை எல்லாம் பேசினோம்.

வந்த வாரமே வாசலில் நீலக் கண் மாதிரி ஒரு கண்ணாடி மணியைக் கட்டினாள். கண் திருஷ்டிக்காம். அடி அம்மா, நான் கீழே படிகாரம் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன், நீ மேலே மணி கட்டுகிறாய், இந்த வீட்டை எவன் கண் என்ன செய்துவிடும் என்று சிரித்தேன். எங்கள் வெயிலைப் பார்த்து அவளுக்கு ஒரே குஷி. தக்காளியை அரைத்து மொட்டைமாடியில் தட்டுத் தட்டாகக் காய வைத்துவிட்டு, காக்காயோடு சண்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவள் ஊரில் ஆப்ரிகாட் பழத்தை இப்படித்தான் கூரையில் உலர்த்துவார்களாம். கண்ணுக்கெட்டிய வரை கோதுமை வயலாம், குளிர்காலத்தில் முழங்கால் வரை பனியாம்.

சின்னக் கண்ணாடி டம்ளரில் பால் இல்லாத டீ கொடுப்பாள். குடித்து முடிக்க முடிக்க ஊற்றிக்கொண்டே இருப்பாள். போதும் என்றால் டம்ளர் மேல் ஸ்பூனைக் குறுக்கே வைக்க வேண்டும். அது தெரியாமல் முதல் நாள் நான் வயிறு முட்டக் குடித்தேன். அவர்கள் முன்னோர் எல்லாம் ஆட்டு மந்தையும் கூடாரமுமாகக் கிழக்கே எங்கிருந்தோ குதிரையில் வந்து சேர்ந்தவர்களாம். ஒரகடம் கம்பெனிகளில் பாதி ஜனம் வேலை தேடிப் பையைத் தூக்கிக்கொண்டு அப்படி வந்ததுதானே என்றேன். போன் அதை என்னவாகச் சொல்லியதோ, விழுந்து விழுந்து சிரித்தாள்.

அப்போதுதான் என் வீட்டுக்காரருக்கு நெஞ்சு வலி வந்தது. கம்பெனி பஸ் ஓட்டுகிறவர், ஒரு நாள் லீவு போட்டு அறியாதவர். பைபாஸ் செய்தே ஆக வேண்டும் என்றார் டாக்டர். எனக்கு உயிரே இல்லை. ஆபரேஷனுக்குக் கிளம்பிய காலையில் நல்ல நேரம் பார்த்து, விபூதி பூசி, அவரைக் காரில் ஏற்றி நானும் ஏறினேன். கார் நகர்ந்ததும் பின்னால் சளாரென்று சத்தம். திரும்பிப் பார்த்தால் அவள் ஒரு செம்புக் கூஜாவைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். தெருவெல்லாம் தண்ணீர்.

எங்கள் பக்கம் பிணத்தை எடுத்த பிறகுதான் வாசல் வரை தண்ணீர் விட்டுக் கழுவுவோம்.

காரை நிறுத்தச் சொல்லி இறங்கினேன். "அடிப்பாவி! உசுரோட போற மனுஷன் பின்னால இன்னா காரியம் பண்ண? உனுக்கு இன்னா துரோகம் பண்ணேன் நானு?" என்று கத்தினேன். எதிர்வீட்டுக்காரி வெளியே வந்துவிட்டாள். துருக்கி அம்மா கண் கலங்கி, கூஜாவை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். அவள் புருஷன் ஓடி வந்து கார் ஜன்னலில் குனிந்து இங்கிலீஷில் ஏதோ சொன்னார். எனக்குப் புரியவில்லை. என் வீட்டுக்காரர் மட்டும் சிரித்தார்.

"ஏறும்மா. அவங்க ஊர்ல யாரு வெளியூர் போனாலும் பின்னாலயே தண்ணி ஊத்துவாங்களாம். தண்ணி எங்கியும் நிக்காம போற மாதிரி போய் சேரணும், அதே மாதிரி திரும்பி வரணும்னு. அந்தம்மா அப்பா லாரி ஓட்டுனவராம். ஒவ்வொரு தடவையும் ஊத்தி அனுப்புவாங்களாம், அவரும் வந்துடுவாராம்."

எனக்கு மனசு ஆறவில்லை. ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போகும்போது அவர்தான் என் கையைப் பிடித்து, "அழுவாத. எனுக்குத்தான் ஒரு கூஜா தண்ணி ஊத்திகீதே, வந்துருவேன்" என்றார்.

வந்துவிட்டார். நாங்கள் வீடு திரும்பிய அன்று அவள் மாடிப்படியில் பாதியில் நின்றாள், இறங்க பயந்துகொண்டு. நான் ஏறிப் போய்க் கட்டிக்கொண்டேன். போனை எடுக்கவே இல்லை. ரெண்டு பேரும் நன்றாக அழுதோம்.

மெஷின் வேலை முடிந்து அவர்கள் ஊருக்குக் கிளம்பும்போது அந்தக் கூஜாவை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். மாடி வெறிச்சோடிவிட்டது. அதற்கடுத்த வாரம் என் வீட்டுக்காரர் மறுபடியும் வேலைக்குக் கிளம்பினார். இனி பஸ் ஓட்ட வேண்டாம், பஸ் ஷெட்டில் உட்கார்ந்து டிரிப் கணக்குப் பார்த்தால் போதும் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். வாசலில் வந்து நின்ற கம்பெனி வேனில் ஏறி உட்கார்ந்தவர், என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா?" என்றேன்.

"மேல ஆள் இல்லியே. யாரு ஊத்துவாங்க?"

கட்டினவள் புருஷன் பின்னால் தண்ணீர் ஊற்றுவதா? உள்ளே போய்க் கூஜாவை நிரப்பிக்கொண்டு வந்தேன். எதிர்வீட்டுக்காரி வாயைப் பொத்திக்கொண்டு, "யக்கா, இன்னாக்கா பண்ற!" என்றாள்.

"நீ சும்மா இருடி" என்றேன்.

வேன் நகர்ந்தது. முழுக் கூஜாவையும் ஊற்றினேன். "போய்ட்டு வாங்க!" என்று தெரு கேட்கக் கத்தினேன். தண்ணீர் வேன் போன பக்கமே ஓடியது. சாயங்காலம் வேன் வந்து நிற்கும் வரை நான் வாசலை விட்டு உள்ளே போகவில்லை.