மோட்டர் போட்டு வரவழைத்த மழை

புதுத் தறப்பாளை முதல்முதலாக விரிக்கும்போது ஒரு மணம் வரும். வெயிலில் கிடந்த பிளாஸ்ரிக் வாளிக்குள் தலையை விட்டது போல... கொஞ்சம் மண்ணெண்ணெயும் சேர்ந்தது போல. நல்ல மணமா, கெட்ட மணமா என்று மூக்கு யோசிப்பதற்குள் வயிறு முடிவெடுத்துவிடும்.

போன செவ்வாய்க்கிழமை பின்னேரம், உரும்பிராயில், மெர்சி வீட்டு வளவில் அந்த மணம் வந்தது. மழைக்கு மேலே கட்டுகிற பிளாஸ்ரிக் விரிப்பு, நீலத் தறப்பாள். பன்னிரண்டடிக்குப் பதினெட்டடி. மெர்சியின் கணவர் நேசன் ஒரு பக்கத்தைப் பிடிக்க, நான் மறுபக்கத்தைப் பிடித்து உதறினேன். வாடைக்காற்று உள்ளே புகுந்து அதை மாமரக் கொப்பு வரைக்கும் தூக்கியது.

தறப்பாளுக்குச் சொந்தக்காரியைக் காணவில்லை.

"முகம் கழுவிக்கொண்டு வாறன், நீங்கள் விரியுங்கோ" என்று கிணற்றடியிலிருந்து குரல் மட்டும் வந்தது.

மூன்று தரம் கழுவினாள். நான் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.

மெர்சியும் நானும் மிஷன் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். அவள் வேதாகமத்தோடு வருவாள், நான் திருநீற்றோடு. இப்போது அவள் கணித ரீச்சர். பள்ளிக்கூடத்தின் பெண் சாரணியருக்கும் அவள்தான் பொறுப்பு. இந்தச் சனிக்கிழமை இருபத்திரண்டு பிள்ளைகளோடு பள்ளிக்கூட மைதானத்தில் ஓர் இரவு முகாம். கடைக் கூடாரம் கூடாது. நாலைந்து பேருக்கு ஒரு தறப்பாளை மடித்துத் தரையும் கூரையுமாகக் கட்டி, அதற்குள் படுத்து எழும்பினால்தான் பிள்ளைகளுக்குச் சின்னம் கிடைக்கும். ரீச்சரும் கூடப் படுக்க வேண்டும்.

அதுதான் சிக்கல்.

முதல் வருடம் டெங்கு என்று சொல்லி முகாமை நிற்பாட்டினாள். அடுத்த வருடம் வினாத்தாள் திருத்தும் வேலை என்றாள். இரண்டும் பொய்யில்லை. இரண்டும் காரணமும் இல்லை. இம்முறை அதிபர் சொல்லிவிட்டார்: "இந்த வருசமும் இல்லையெண்டால் குழுவைக் கலைச்சுவிடுவம் ரீச்சர். பிள்ளையள் சும்மா உடுப்பைத் தோய்ச்சுப் போட்டுக்கொண்டு நிக்கினம்."

உண்மைக் காரணம் நேசனுக்குத் தெரியும். எனக்குத் தெரியும். வேறு ஒருவருக்கும் அவள் சொன்னதில்லை. போருக்குள் ஊரே எழும்பித் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்த அந்த மாரிக்குப் பிறகு, மெர்சி தறப்பாளுக்குக் கீழே நின்றதில்லை. கலியாண வீட்டில் தறப்பாள் கட்டியிருந்தால் வாசலிலேயே பரிசைக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவாள். சந்தையில் மரக்கறிக்காரர் எல்லோரும் தறப்பாள் நிழலில் இருப்பார்கள், இவள் வெயிலில் நின்றுகொண்டு, "கத்தரிக்காய் என்ன விலை?" என்று கத்துவாள். குடை இல்லாத விசரி என்று நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை எனக்குப் போன் எடுத்தாள்.

"மழைச் சத்தத்தோடை பதினைஞ்சு நிமிசம் உள்ளுக்குக் கிடந்து பாக்கவேணும். நீயும் வா. பதினைஞ்சு நிமிசம் ஏலுமெண்டால் ஒரு இரவும் ஏலும்."

"தை மாசத்திலை மழைக்கு எங்கையடி போறது?"

"தோட்டத்துக்கு இறைக்கிற மோட்டர் இருக்குத்தானே."

கணித ரீச்சர் அல்லவா? கணக்கில் ஒன்று குறைந்தால் எங்கிருந்தாவது கொண்டுவந்து போட்டுவிடுவாள்!

முகம் கழுவி வந்தவள் நேரே கொப்பியைத்தான் விரித்தாள். ஒரு முக்கோணம் வரைந்திருந்தது. தறப்பாளின் நீளம் பதினெட்டு; மூன்றால் பிரி. முதல் ஆறடி தரை. அடுத்த ஆறடி பின்பக்கமாக மேலே ஏறிக் கயிற்றைத் தொடும். கடைசி ஆறடி முன்பக்கமாக இறங்கும். மூன்று பக்கமும் சமன்.

"சமபக்க முக்கோணம்" என்றாள், திருப்தியாக.

"ஒன்பதாம் வகுப்பிலை படிச்சது இப்பதான் ஒரு பிரயோசனத்துக்கு வருது" என்றார் நேசன்.

"நீங்கள் ஒன்பதாம் வகுப்பிலை எங்கை படிச்சனீங்கள்? மாங்காயெல்லோ பிடுங்கினனீங்கள்."

மாமரத்துக்கும் தென்னைக்கும் இடையே நைலோன் கயிற்றை இழுத்துக் கட்டினோம். பூவரசந் தடியில் முளைகள் சீவி வைத்திருந்தார் நேசன். செம்மண்ணில் அடிக்க அடிக்க அவை பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கின. மெர்சி தறப்பாளைத் தொடாமல், கையை நீட்டி நீட்டி வேலை வாங்கினாள்.

நடுவில் என்னிடம் ஒரு தாளைத் தந்தாள். "எழுதுற ஆள்தானே... பிழை இருந்தால் திருத்து, நாளைக்குப் பிள்ளையளுக்குச் சொல்லிவிடுறன்."

முகாமுக்குப் பிள்ளைகள் கொண்டுவர வேண்டிய பொருட்களின் லிஸ்ட். பிறப்புச் சான்றிதழ், மூலப் பிரதி. பெற்றோரின் அடையாள அட்டைப் பிரதி. குடும்ப அட்டை. காணி உறுதி இருந்தால் அதன் பிரதி. மூன்று நாளைக்குப் போதுமான பிஸ்கட். தண்ணீர்ப் போத்தல். போர்வை.

முழுவதையும் கவனமாக வாசித்தேன்.

"ரோர்ச் லைற் எழுதேல்லை" என்றேன். "பல்லுத் தீட்டுற பிறஷும் இல்லை."

அவ்வளவுதான். வேறு ஒன்றும் என் கண்ணில் படவில்லை. சத்தியமாக!

நேசன்தான் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "உதென்ன? பள்ளிக்கூட கிரவுண்டிலை ஒரு இரவு படுக்கிறதுக்குக் காணி உறுதியோ? பிள்ளையள் கிரவுண்டை வித்துப்போடுவினம் எண்டே?"

நான் திரும்ப வாசித்தேன். மெர்சி எட்டி நின்று வாசித்தாள். அவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும்...

இதைப் பிள்ளைகளிடம் கொடுத்து நான்கு நாளாகிவிட்டதாம். இருபத்திரண்டு வீடுகள். ஒரு தாயோ தகப்பனோ ஏன் என்று கேட்கவில்லை. ஒரே ஒரு தகப்பன் மட்டும் போன் எடுத்திருக்கிறார். "ரீச்சர், லேமினேற் பண்ணினது காணுமோ?"

சிரித்தோம். முளை அடிக்கிற கொட்டனைக் கீழே வைத்துவிட்டு நேசன் குந்தியிருந்து சிரித்தார். இடம்பெயர்ந்து பழகிய நாங்கள் பை கட்டத் தொடங்கினால் கை முதலில் எங்கே போகிறது, பார்த்தீர்களா? உங்கள் வீட்டு அலுமாரியிலும் மேல் தட்டில் ஒரு பைல் இருக்கிறது. இல்லையென்று சொல்லுங்கள், பார்ப்போம்!

"சரி, கதைச்சது காணும்" என்றாள் மெர்சி. "மோட்டரைப் போடுங்கோ."

மோட்டர் உறுமியது. நேசன் ஹோஸை உயர்த்தி, வாயை விரலால் அடைத்து, தண்ணீரை விசிறினார். நானும் மெர்சியும் உள்ளே தவழ்ந்தோம். மேலே முதல் வீச்சு விழுந்தது — தடதடவென்று, யாரோ ஒரு கடகம் சரளைக் கல்லைக் கொட்டியது போல.

திரும்பிப் பார்க்கிறேன், பக்கத்தில் ஆள் இல்லை. கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

"எவ்வளவு நேரம்?"

"பதினெட்டு செக்கன்."

"காணாது." மூச்சு வாங்கியது. "திரும்பப் போடச் சொல்லு."

"நாளைக்குப் பாப்பம், மெர்சி" என்றார் நேசன்.

"சனிக்கிழமை நாளைக்குப் பாப்பம் எண்டு சொல்லாது. போடுங்கோ."

இரண்டாம் முறை படுத்தாள். கண்ணைத் திறந்தபடியே கிடந்தாள். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். மூன்றாவது நிமிடத்தில் எங்கள் முதுகு நனைந்தது. எனக்கு முதலில் விளங்கவில்லை. அவளுக்கு விளங்கிவிட்டது. கூரையின் நடுவில் கயிறு தொய்ந்து, முன்பக்கச் சரிவு வயிறு வைத்து, அதற்குள் தண்ணீர் தேங்கத் தொடங்கியிருந்தது. மெர்சியின் வலது கை தானாக மேலே போனது. உள்ளங்கையால் அந்த வயிற்றைத் தள்ளினாள். தண்ணீர் சளாரென்று வெளியே கொட்டியது. திரும்பத் தேங்கியது. திரும்பத் தள்ளினாள்.

"தென்மராட்சியிலையும் இப்பிடித்தானடி" என்றாள். "தங்கச்சிக்குக் காய்ச்சல். அம்மா அப்பா சாமான் எடுக்க ஊருக்குத் திரும்பிப் போட்டினம். தறப்பாள் தண்ணியோடை அவளுக்கு மேலை விழுந்திடும் எண்டு, விடியுமட்டும் தள்ளிக்கொண்டே இருந்தனான். ஒரு இரவில்லை... நாலு இரவு."

"இப்ப அவளுக்கு அது ஞாபகமோ?"

"அவளுக்கு என்ன ஞாபகம்? நித்திரையெல்லோ. லண்டனிலை புருசனோடை ரென்ற் கொண்டு காம்பிங் போறாள். போட்டோ அனுப்புறாள்... அருமையா இருக்காம்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். கை மேலேதான் இருந்தது.

நித்திரை கொண்டவள் ரென்ற் வாங்கிவிட்டாள். முழித்திருந்தவள் இன்னும் தள்ளிக்கொண்டிருக்கிறாள். ஒரே தறப்பாள்தான்... ஆனால் அதன் கீழே ஆளுக்கொரு மழை பெய்திருக்கிறது.

மெர்சி வெளியே வந்தாள். இம்முறை ஓடி வரவில்லை. தவழ்ந்து வந்து, நிமிர்ந்து, ஈரச் சட்டையோடு கயிற்றை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு வெளியே நின்றபடி முதல்முதலாகத் தறப்பாளில் கை வைத்தாள். விளிம்பைப் பிடித்து இழுத்தாள்.

"ஆறு, ஆறு, ஆறு... அதுதான் பிழை" என்றாள். "கூரை முடியிற இடத்திலையே தரையும் முடியுது. வழியிற தண்ணி நேரே உள்ளுக்கை வருது. தரை அரையடி குறையவேணும். விளிம்பை உள்பக்கமா மடிச்சு நிமித்தவேணும். கூரை அதுக்கு வெளியாலை இறங்கவேணும்."

"நீர் இரும், நான் கட்டுறன்" என்று நேசன் கிட்ட வந்தார்.

"நீங்கள் ஹோஸைப் பிடியுங்கோ. கயிறு என்ரை."

தென்னையில் கட்டிய முடிச்சைப் பல்லால் அவிழ்த்தாள். நனைந்த நைலோனைக் காலை ஊன்றி இழுத்தாள். நானும் பின்னால் நின்று இழுத்தேன். ஐம்பது வயதில் இரண்டு பெண்கள் ஒரு தென்னையோடு கயிறிழுத்தல்! வேலிக்கு அந்தப் பக்கம் அயல்வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, "மாட்டுக்கோ பிள்ளை?" என்று கேட்டார்.

"இல்லையக்கா, எனக்கு" என்றாள் மெர்சி.

முன்பக்க முளைகளைப் பிடுங்கி, வெளியே தள்ளி அடித்தாள். தரை விளிம்பை நான்கு விரல் உயரத்துக்கு நிமிர்த்தி, அடியில் தேங்காய் மட்டைகளை வரிசையாக வைத்தாள். கூரை இறுகியது. விரலால் சுண்டினாள்; மேளம் போலச் சத்தம் வந்தது. சமபக்க முக்கோணம் செத்துவிட்டது. கூடாரம் எழும்பி நின்றது.

மூன்றாம் முறை.

படுக்க முன் கண்ணை மூடி உதட்டை அசைத்தாள். செபமா, ஏழாம் வாய்ப்பாடா... எனக்குக் கேட்கவில்லை. தடதடவென்று மழை தொடங்கியது. அவள் கை மெல்ல மேலே போனது. பாதி வழியில் நின்றது. காத்திருந்தது. நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தக் கையையே பார்த்தேன். தண்ணீர் விழுந்தது, உருண்டது, போனது. விழுந்தது, உருண்டது, போனது. தள்ளுவதற்கு ஒன்றுமே இல்லை.

கை இறங்கி வயிற்றின் மேல் இருந்தது.

"அஞ்சு நிமிசம்" என்றேன். "ம்" என்றாள்.

"எட்டு." "ம்."

"பதினொண்டு."

திரும்பிப் பார்த்தேன். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. சின்னக் குறட்டை.

பதினைந்தாவது நிமிடம் நான் வெளியே ஊர்ந்து போய், காணும், நிற்பாட்டுங்கோ என்று நேசனுக்குக் கை காட்டினேன். அவர் தலையாட்டி மறுத்தார். கண்ணால் கூடாரத்தைக் காட்டினார். சத்தம் நின்றால் எழும்பிவிடுவாள் என்பது விளங்கியது. மனிதருக்கு முழங்கால் வரை செம்மண் சேறு. கை மாற்றி மாற்றி, முக்கால் மணித்தியாலம் மழையாக நின்றார்.

இதை வைத்து நான் பெரிதாக ஒன்றும் சொல்லப் போவதில்லை. பயம் போய்விட்டதா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஆனால் ஒன்று கண்டேன். பயத்தோடு சண்டை பிடிக்க அவளால் முடியவில்லை. கயிறு தொய்ந்திருக்கிறது என்று கண்டுபிடித்ததும் வேலை செய்ய முடிந்தது. எங்கே தண்ணீர் தேங்குகிறது என்று தெரிந்துவிட்டால், அதற்குப் பிறகு இருப்பது இழுத்துக் கட்டும் வேலைதானே?

எழும்பியவள் முதலில் பேனையைத்தான் கேட்டாள். லிஸ்ட்டில் மேலே இருந்த நான்கு வரிகளையும் வெட்டினாள். மூன்று நாளைய பிஸ்கட்டை ஒரு நாளாக்கினாள். ரோர்ச் லைற், பிறஷ் என்று எழுதினாள்.

"அந்த லேமினேற் ஆளுக்கு என்ன சொல்லுறது?" என்றார் நேசன், தேத்தண்ணியை நீட்டியபடி.

"உறுதியைப் பத்திரமா வீட்டிலை வைக்கச் சொல்லுங்கோ. பிள்ளையை மட்டும் அனுப்பினால் காணும்."

இருட்ட முன் வெளிக்கிட்டேன். படலை வரைக்கும் வந்தாள். தலைமயிர் இன்னும் காயவில்லை. ஸ்கூட்டியைத் திருப்பி, "போட்டு வாறன்" என்றேன்.

"நில்லடி. பேப்பரிலை உன்ரை பத்தி வெள்ளிக்கிழமைதானே வாறது?"

"ஓம்."

"இதை எழுதப்போறாய், என்ன?"

"எழுதினால் பேரை மாத்திப்போட்டுத்தான் எழுதுவன். பயப்பிடாதை."

படலைக் கொழுக்கியைப் போடப் போனவள் நிமிர்ந்தாள்.

"என்ரை பேரைப் போட்டே எழுது. பிள்ளையள் வாசிச்சுப்போட்டு வரட்டும்."